மூவாயிரத்தில் புதுச்சேரி: மிச்சம் கட்டிலில் இல்லை, கிழமையில் இருக்கிறது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விடுமுறைக் காலத்தை ஒட்டி உங்கள் இணைப்பிதழில் வந்த பயணக் கட்டுரை, பேக்பேக்கர் ஹாஸ்டலில் (பலர் ஒரே அறையில் ஆளுக்கொரு கட்டில் எடுத்துத் தங்கும் விடுதி) ஒரு கட்டில் பிடித்துவிட்டால் மூவாயிரம் ரூபாயில் புதுச்சேரி போய்த் திரும்பலாம் என்கிறது. கோவை, திருப்பூர், ஈரோடு பக்கத்து இளைஞர்களுக்கு இந்தப் பயணங்களை ஏற்பாடு செய்து தருகிறவர்கள் நாங்கள். கட்டில் வாடகை குறைவு என்பதில் எங்களுக்குத் தகராறு இல்லை. ஆனால் நம் ஊர்க்காரர்களின் பணம் கட்டிலில் கரைவதில்லை. வெள்ளிக்கிழமை இரவில் கிளம்புவதில்தான் கரைகிறது.

வெள்ளி இரவு ஏறினால் சனிக்கிழமை அதிகாலை ஐந்து மணிக்குப் புதுச்சேரியில் இறங்குவீர்கள். ஹாஸ்டலில் கட்டில் கைக்கு வருவது நண்பகல் பன்னிரண்டுக்கோ ஒரு மணிக்கோ. மறுநாள் காலை பத்து, பதினொன்றுக்குக் காலி செய்யச் சொல்வார்கள். திரும்பும் பேருந்து இரவு ஒன்பதுக்கு. காலையில் ஏழு மணி நேரம், கடைசி நாளில் பத்து மணி நேரம், ஆக பதினேழு மணி நேரம் நடுத்தெருவில். குளியல், கழிப்பறை, நிழல், உட்கார ஓர் இடம் என்று ஒவ்வொன்றையும் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். சென்னை, பெங்களூர்க் கூட்டமும் ஒட்டுக்கா வந்து இறங்குவது அந்த இரவில்தான். வார நாளில் ஐந்நூறு, அறுநூறுக்குக் கிடைக்கிற கட்டில் அன்றைக்கு இரண்டு மடங்குக்கும் மேல். சாதாரண அரசுப் பேருந்தின் கட்டணம் கிழமையைப் பார்த்து ஏறுவதில்லை. ஆனால் அந்த இருக்கைகள் முன்கூட்டியே தீர்ந்துவிடும். மிஞ்சுவது ஆம்னி பேருந்து, அவர்கள் வைத்ததே விலை.

தோராயக் கணக்கைப் பாருங்கள். வெள்ளி இரவு கிளம்பி ஞாயிறு இரவு திரும்பினால் போக, வர இரண்டாயிரம், ஓர் இரவுக் கட்டில் ஆயிரத்து முந்நூறு, இரண்டு நாள் சாப்பாடு அறுநூறு, ஸ்கூட்டி வாடகையில் ஒருவர் பங்கு முந்நூற்றைம்பது, படகு, சைக்கிள், சில்லறைக்கு முந்நூற்றைம்பது. மொத்தம் 4,600. தங்குவது ஒரே இரவு. அதையே ஞாயிறு காலை வெள்ளென எழுந்து கிளம்பினால், அரசுப் பேருந்தில் போக, வர எண்ணூறு, இரண்டு இரவுக் கட்டில் ஆயிரத்து இருநூறு, மூன்று நாள் சாப்பாடு தொள்ளாயிரம், ஸ்கூட்டி இருநூற்றைம்பது, சில்லறை அதே முந்நூற்றைம்பது. மொத்தம் 3,500. ஓர் இரவு கூடுதல், ஆயிரத்து நூறு ரூபாய் குறைவு.

பகல் பயணம் என்றதும் ஒரு நாள் வீண் என்று நினைக்க வேண்டாம். திருப்பூரிலிருந்து காலை ஆறு, ஆறரைக்கு ஏறினால் பத்து மணிக்குள் சேலம் புதிய பேருந்து நிலையம். அங்கே புதுச்சேரி வண்டி கிடைத்தால் அது. இல்லாவிட்டால் ஆத்தூர், கள்ளக்குறிச்சி, உளுந்தூர்பேட்டை வழியாக விழுப்புரம் போய் மாறிக்கொள்ளலாம். விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி நாற்பது கிலோமீட்டர்தான், வண்டிக்குப் பஞ்சமில்லை. மாலை நான்கு, ஐந்துக்குப் போய்ச் சேரும்போது உங்கள் கட்டில் தயாராக இருக்கும். சென்னைக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டு எதிர்த் திசையில் போய்க்கொண்டிருப்பார்கள். காந்தி வீதியில் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை அப்போது உச்சத்தில் இருக்கும். (பனியன் வாங்க அங்கே போகாதீர்கள், பாதி நம் ஊரிலிருந்து போனதுதான்.)

திங்கள், செவ்வாய் எப்படி என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. செயின்ட் லூயி வீதியில் உள்ள அருங்காட்சியகத்துக்குத் திங்கள் விடுமுறை. ஆரோவில்லில் உள்ள மாத்ரிமந்திர் என்ற தியான மண்டபத்தின் உள்ளரங்குக்குச் செவ்வாய் விடுமுறை. ஆகவே திங்கள் ஆரோவில், செவ்வாய் ஊர். உள்ளரங்குக்குப் போக முன்பதிவு வேண்டும், அன்றைக்குப் போய் நின்று கேட்டால் கிடைக்காது. வெளியே இருந்து பார்க்கும் இடத்துக்கு வருகையாளர் மையத்தில் இலவச அனுமதிச் சீட்டு தருகிறார்கள். அங்கிருந்து ஒரு கிலோமீட்டர் மரநிழலில் நடை.

‘இரண்டு நாள் சம்பளம் போகுமே’ என்று திருப்பூர்க்காரர்கள் கேட்பது நியாயம். பீஸ் ரேட்டில் (ஓர் உருப்படிக்கு இவ்வளவு என்ற கூலியில்) தைப்பவருக்கு இந்த ஆயிரத்து நூறு ரூபாய் மிச்சம், போகிற கூலிக்கு ஈடாகாது. அவர்களுக்கு ஏற்ற நேரம் பொங்கல் விடுமுறை. கம்பெனிகள் மீண்டும் ஓடத் தொடங்கக் காணும் பொங்கலுக்குப் பிறகு சில நாள் ஆகும். அந்த இடைவெளியில் கூட்டமும் வடிந்திருக்கும், மழையும் ஓய்ந்திருக்கும், வெயிலும் ஏறியிருக்காது. தீபாவளி விடுமுறை அப்படியல்ல. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை நேராக அந்தக் கரையைத்தான் அடிக்கும். 2011 டிசம்பர் இறுதியில் ‘தானே’, 2024 நவம்பர் 30-ல் ‘ஃபெஞ்சல்’ என்று புயல்கள் அந்த மாதங்களில்தான் வந்தன. புத்தாண்டு இரவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அரவிந்தர் பிறந்தநாளான ஆகஸ்ட் 15, ஆசிரமத்து அன்னையின் பிறந்தநாளான பிப்ரவரி 21, வைத்திக்குப்பத்தில் மாசிமகம் நடக்கும் நாள் ஆகியவையும் இடம் கிடைக்காத நாட்கள்.

எங்கே தங்குவது என்பதில் ஆன்லைன் வரைபடம் ஏமாற்றும். ‘கடற்கரை 500 மீட்டர்’ என்று போட்டிருப்பார்கள். எந்தக் கடற்கரை என்று கேளுங்கள். ஊருக்குள் இருக்கும் பீச் ரோட்டின் பெரும்பகுதி மணல் இல்லாத கரை. 1989-ல் தெற்கே துறைமுகத்துக்குத் தடுப்புச்சுவர் கட்டியபின், வடக்கே நகர வேண்டிய மணல் அங்கேயே நின்றுபோனது. கரை அரித்துக்கொண்டே வந்தது. பாறைகளைக் கொட்டி ஊரைக் காத்திருக்கிறார்கள். தலைமைச் செயலகத்தின் எதிரே மட்டும் கடலுக்கடியில் செயற்கைத் திட்டு அமைத்து மணலைத் திரும்ப வரவழைத்தார்கள். பாறைகளில் பாசி பிடித்து வழுக்கும். படத்துக்காக அதில் இறங்குவது வேண்டாத வேலை. அந்தச் சாலையின் அருமை வேறு: மாலை ஆறிலிருந்து காலை ஏழரை வரை அதில் வண்டி கிடையாது, நடப்பதற்கு இலவசம். கேரளக் கரைக்குப் போய்ப் பழகிய கோவைக்காரர்களுக்கு இன்னொன்று. இது கிழக்குக் கரை. சூரியன் கடலிலிருந்து எழும், ஊருக்குப் பின்னால் மறையும். மாலையில் போய் நின்று ஏமாறாமல் காலையில் எழுந்திருங்கள்.

கடலை ஒட்டிய பழைய பிரெஞ்சுப் பகுதியான வெள்ளை நகரத் தெருக்களில் வாடகை அதிகம். கால்வாயைத் தாண்டி மேற்கே, நேரு வீதி, மிஷன் வீதி, காந்தி வீதியை ஒட்டிய லாட்ஜுகளில் பாதிதான். அங்கிருந்து கடல் பத்து, பதினைந்து நிமிட நடை. பேருந்து நிலையத்து எதிரே உள்ளவை இன்னும் மலிவு, ஆனால் ஹாரன் சத்தத்தில் தூக்கம் இராது. மணற்கரைக்குப் பக்கத்தில் இருக்கும் ஹாஸ்டல்கள் வடக்கே கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம் பக்கம். செரினிட்டி பீச் என்பது அதுதான். அது புதுச்சேரி அல்ல, விழுப்புரம் மாவட்டம். ஊருக்குள் வர வண்டி வேண்டும். அந்த வண்டி வாடகையைக் கட்டிலோடு கூட்டிப் பார்த்தால் ஊருக்குள் இருக்கும் லாட்ஜே மலிவாகிவிடும். நான்கு பேராகப் போகிறவர்கள் கட்டிலே எடுக்காதீர்கள். நான்கு கட்டிலுக்கு அறுநூறு வீதம் 2,400 ஆகிறது. நடுத்தர லாட்ஜில் இரண்டு அறைகளுக்கே அது போதும், கதவுக்குத் தாழ்ப்பாளும் இருக்கும். கட்டில் லாபம் தனியாகப் போகிறவருக்கு மட்டுமே. அரவிந்தர் ஆசிரமத்தின் விருந்தினர் விடுதிகள் சுத்தம், விலையும் நியாயம். ஆனால் மதுவும் புகையும் கூடாது, இரவு வாசற்கதவு மூடும் நேரம் உண்டு. அதற்கு உடன்பட முடிந்தவர்கள் மட்டும் போகலாம். அறை வாடகையில் 7,500 ரூபாய் வரை ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம்தான். பழைய 12 சதவீதத்தில் பில் போட்டால் கேளுங்கள்.

கட்டில்தான் என்று முடிவானால் சில விவரங்கள். மெத்தை விரிப்பின் மூலையைத் தூக்கி, தையல் ஓரத்தைச் செல்போன் வெளிச்சத்தில் பாருங்கள். மிளகுத்தூள் சிந்தியதுபோல் கரும்புள்ளி இருந்தால் மூட்டைப்பூச்சி. பையைப் பிரிக்குமுன் வேறு கட்டில் கேட்க வேண்டும். பையை மெத்தைமேல் வைத்துவிட்டால் பூச்சி உங்களோடு பெருந்துறை வரை வரும். லாக்கர் இருக்கும், பூட்டு இருக்காது. வீட்டுக் கதவுப் பூட்டின் தடித்த கொக்கி அதில் நுழையாது; பெட்டிக்குப் போடும் சின்னப் பூட்டு எடுத்துப் போங்கள். ‘ஏ.சி. டார்மிட்டரி’ என்றால் பல இடங்களில் இரவு மட்டும்தான். எந்த மணியிலிருந்து எந்த மணி வரை என்று முன்பே கேளுங்கள். மேல் கட்டிலில் ஏ.சி. நேராக முகத்தில் அடிக்கும், ஏ.சி. நின்றால் கூரைச் சூடு இறங்கும். கீழ்க் கட்டில் கேட்டு வாங்குங்கள். துண்டு தனிக் காசு. குளிக்கும் தண்ணீர் பல இடங்களில் உப்பு. சோப்பு நுரைக்கவில்லை என்று கூடுதலாகத் தேய்க்காதீர்கள், தோல் வறளும். அடையாள அட்டையின் நகல் கேட்பார்கள். ஆதாரில் முதல் எட்டு எண்கள் மறைத்த படிவத்தை இணையத்திலேயே எடுத்து வைத்துக்கொள்ளலாம், அதைக் கொடுங்கள். விமர்சனங்களில் ஐந்து நட்சத்திரங்களை விட்டுவிட்டுக் கடந்த இரண்டு மாதத்து ஒற்றை நட்சத்திரங்களை மட்டும் படித்தால் போதும்; ஒரே குறை மூன்று பேர் வாயில் வந்தால் அது உண்மை.

வாடகை ஸ்கூட்டியில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். வாடகைக்கு விடும் வண்டிக்குக் கறுப்புத் தகட்டில் மஞ்சள் எழுத்து இருக்க வேண்டும். வெள்ளைத் தகட்டில் கறுப்பு எழுத்து என்றால் அது யாருடைய சொந்த வண்டியோ. விபத்து நடந்தால் வாடகைக்கு விட்டதைக் காட்டிக் காப்பீட்டு நிறுவனம் கையை விரிக்கலாம். அசல் ஓட்டுநர் உரிமத்தை அடமானமாகக் கேட்டால் கொடுக்காதீர்கள். முன்பணம் வேண்டுமானால் கொடுங்கள். வண்டியைச் சுற்றி ஒரு வீடியோ எடுங்கள்: முன் மட்கார்டு, பக்கக் கண்ணாடி, கால் வைக்கும் தகடு, சைலன்சர் மூடி, கடைசியில் பெட்ரோல் முள். பழைய கீறலுக்கு உங்களிடம் பணம் கேட்பது இந்த வீடியோ இல்லாதவர்களிடம்தான். டேங்க்கில் சொட்டுதான் இருக்கும். புதுச்சேரியில் பெட்ரோல் தமிழகத்தைவிட மலிவு, ஆனாலும் ஒரு நாளுக்கு ஒரு லிட்டருக்குமேல் போட்டால் அது அடுத்தவருக்கு. ஹெல்மெட் இரண்டு வாங்குங்கள். ஆரோவில் பக்கம் போனால் தமிழகத்துக்குள் போய்விடுகிறீர்கள். பின்னால் இருப்பவருக்கும் கட்டாயம், அபராதம் ஆயிரம். வெள்ளை நகரத்துக்குள் சுற்ற வண்டியே தேவையில்லை. சமதளம், சைக்கிள் போதும். தூரத்துக்கு ஷேர் ஆட்டோ ஓடுகிறது, அங்கே அதற்கு டெம்போ என்று பெயர்.

இனி நாங்கள் இந்தக் கடிதம் எழுதுவதற்கு முக்கியக் காரணம். உங்கள் கட்டுரையில் கடலைப் பற்றி ஒரு வரிதான் இருந்தது: ‘குளித்து மகிழலாம்.’ நம் பக்கத்துப் பையன்கள் கிணற்றிலும் கீழ்பவானி வாய்க்காலிலும் நீச்சல் பழகியவர்கள். நீச்சல் தெரியும் என்ற தைரியம்தான் கடலில் ஆபத்து. கிணற்றில் தண்ணீர் நிற்கும், வாய்க்காலில் ஒரே திசையில் ஓடும். கடலில் அலையாகக் கரைக்கு வந்த தண்ணீர் திரும்பப் போவதற்கு ஒரு வழி தேடும். மணல் திட்டு தாழ்ந்திருக்கும் இடத்திலும், கடலுக்குள் நீட்டிக் கட்டிய கற்சுவரின் ஓரத்திலும் ஒடுங்கிய ஓட்டமாக உள்ளே இழுக்கும். இது ஆளைக் கீழே அமுக்குவதில்லை, உள்ளே கொண்டுபோகிறது. அதை எதிர்த்துக் கரையை நோக்கி நீந்துகிறவர்தான் ஓய்ந்துபோய் மூழ்குகிறார்.

இறங்குமுன் பத்து நிமிடம் கரையில் நின்று பார்க்க வேண்டும். இரு பக்கமும் அலை உடைந்து வெள்ளையாக நுரைக்க, நடுவில் ஒரு பட்டை மட்டும் உடையாமல் அமைதியாக, கொஞ்சம் கலங்கலாக இருக்கும். நுரையும் குப்பையும் கரைக்கு வராமல் உள்ளே போகும். இழுக்கும் ஓட்டம் அதுதான். பயந்தவர்கள் ‘இங்கே அலை இல்லை’ என்று தேடிப்போய் இறங்குவது அந்த இடத்தில்தான். மாட்டிக்கொண்டால் கரையை மறந்துவிட்டு, கரைக்கு இணையாக இடப்பக்கமோ வலப்பக்கமோ நீந்த வேண்டும். ஓட்டத்தின் அகலம் பெரும்பாலும் சில பத்து மீட்டர்தான். அதைத் தாண்டி, அலை உடையும் இடத்துக்கு வந்ததும் அலையோடு கரைக்குத் திரும்பலாம். நீந்த முடியாவிட்டால் மல்லாந்து மிதந்து ஒரு கையைத் தூக்கிக் காட்டுங்கள். காப்பாற்ற ஒருவர் பின் ஒருவராகக் கைகோத்து இறங்குவது நம் ஊர் வழக்கம். கடலில் அந்தச் சங்கிலி முழுதும் போய்விடும். கயிறு, காலி வாட்டர் கேன், எது மிதக்குமோ அதை எறிந்துவிட்டு 112-ஐ அழைக்க வேண்டும். கடலோரக் காவல்படை எண் 1554. குடித்துவிட்டு இறங்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். வயிறு நிறையத் தின்றுவிட்டு, உச்சி வெயிலில், இருட்டிய பிறகு என்று இவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குளிக்கத்தான் வேண்டும் என்றால் தெற்கே சின்ன வீராம்பட்டினத்தின் ஈடன் கடற்கரைக்குப் போகலாம். சுத்தத்துக்கும் பாதுகாப்புக்கும் தரப்படும் சர்வதேச நீலக்கொடிச் சான்றை 2021-ல் பெற்ற கரை அது. உயிர்காப்பாளர் பணியில் இருக்கும் நேரத்தைக் கேட்டுவிட்டு இறங்குங்கள். அவர் இல்லாத நேரத்தில் முழங்காலுக்கு மேல் தண்ணீர் வேண்டாம்.

வெயிலும் நம் வெயில் அல்ல. நம் பக்கம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் வியர்வை காய்ந்துவிடும். அங்கே காற்றில் ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை காயாது, உடம்பு குளிராது. அனல் குறைவாகத் தெரிந்தாலும் தலைசுற்றல் சீக்கிரம் வரும். பதினொன்று முதல் நான்கு வரை வெளியே திரியாதீர்கள். பல கடைகளே அப்போது சாத்தியிருக்கும். பருத்தித் துணி உடுத்திக்கொண்டு, உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் நான்கு வைத்துக்கொள்ளுங்கள். ஜீன்ஸ் நனைந்தால் இரண்டு நாளிலும் காயாது.

சாப்பாட்டில் ஒரு பருவக் கணக்கு இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் விசைப்படகு மீன்பிடித் தடைக்காலம். கோடை விடுமுறையில் மீன் சாப்பிடப் போகிறவர்களுக்குக் கிடைப்பது சின்னப் படகில் வந்த கொஞ்சமும், வெளியூரிலிருந்து ஐஸில் வந்த மிச்சமும், விலையும் கூடுதல். அந்த இரண்டு மாதத்தில் நேரு வீதிப் பக்கத்துச் சாதாரண மெஸ்ஸில் எடுப்புச் சாப்பாடு உத்தமம். வெள்ளை நகரத்துக் காபிக் கடைகளில் ஒரு காபிக்குக் கொடுக்கும் காசில் மெஸ்ஸில் ஒரு வேளை முடிந்துவிடும். காபிக் கடைக்கு ஒரு முறை போய்ப் பாருங்கள், தப்பில்லை. மூன்று வேளையும் அங்கே என்றால் இந்தக் கணக்கு நிற்காது.

கடைசி நாள் பதினொன்றுக்குக் காலி செய்தபின் பையை ஹாஸ்டலிலேயே வைத்துவிட்டுச் சுற்றலாம். பெரும்பாலும் அதற்குக் காசு கேட்பதில்லை. மாலையில் குளித்துக்கொள்ள அனுமதி உண்டா என்று பதிவு செய்யும்போதே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். உப்பு காய்ந்த உடம்போடு எட்டு மணி நேரப் பேருந்துப் பயணம் கடினம். ஈரத் துணிக்குத் தனிப் பிளாஸ்டிக் பை. பாட்டில் மட்டும் வேண்டாம். புதுச்சேரியிலிருந்து தமிழகத்துக்குள் மது கொண்டுவருவது குற்றம். நம் பக்கம் வரும் வண்டிகள் விழுப்புரம் சாலையில் எல்லை ஊரான மதகடிப்பட்டைத் தாண்டித்தான் வர வேண்டும். எல்லையில் வண்டியை நிறுத்திப் பையைத் திறக்கச் சொன்னால் விலை குறைவு என்ற சமாதானம் எடுபடாது. உங்களை இறக்கிவிட்டுப் பேருந்து போய்விடும்.

அடுத்த முறை இத்தகைய கட்டுரை வெளியிடும்போது கட்டில் வாடகையோடு அறை கிடைக்கும் நேரம், காலி செய்யும் நேரம், அந்தக் கரையில் உயிர்காப்பாளர் இருக்கும் நேரம் ஆகிய மூன்றையும் அச்சிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
பயண ஏற்பாட்டு நண்பர்கள் சிலர்,
பெருந்துறை, ஈரோடு மாவட்டம்.